திருப்பூர் – நாராயண்கஞ்ச் ஒப்பீட்டுல பிஎச்.டி பண்றேன், கையில காசு இல்ல, எந்த ஃபெல்லோஷிப்புக்கு போறது?

நூல்கண்டு_98:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்.ஏ எகனாமிக்ஸ் முடிச்சு போன வருஷம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல ஃபுல்டைம் பிஎச்.டி சேர்ந்தேன். டாபிக் திருப்பூர் பனியன் தொழிலையும் பங்களாதேஷ்ல டாக்கா பக்கம் இருக்கற நாராயண்கஞ்ச் நிட்வேர் தொழிலையும் ஒப்பிடுறது. ரெண்டு ஊரும் ஒரே டீசர்ட்ட தான் தைக்குது, ஆனா அவங்களுக்கு 2001ல இருந்து ஐரோப்பாவுல வரி கிடையாது, நமக்கு உண்டு. அவங்க ஊர்ல குறைந்தபட்ச கூலிய அரசாங்கம் அறிவிக்குது (2023 டிசம்பர்ல இருந்து 12,500 டாக்கா), நம்ம ஊர்ல ஓனர் சங்கமும் யூனியனும் உக்காந்து பேசி பீஸ் ரேட் போடுறாங்க. அப்புறம் 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னப்ப இங்க என்னாச்சு, இங்க வந்துகிட்டிருந்த எக்ஸ்போர்ட் ஆர்டர்லாம் எங்க போச்சு, இதெல்லாம் சேர்த்து பாக்கணும்னு ஆசை. கைடுக்கும் டாபிக் புடிச்சிருக்கு.

பிரச்சனை காசு தாங்க. யுஜிசி நெட் பரீட்சையில அசிஸ்டென்ட் புரொபசர் தகுதி வந்துருச்சு, மாசா மாசம் காசு வர்ற ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) கொஞ்ச மார்க்குல போயிருச்சு. காலேஜ்ல ஸ்டைபெண்ட்னு ஒரு பைசா கிடையாது, நாங்க தான் வருஷா வருஷம் ஃபீஸ் கட்டுறோம். அப்பா கட்டிங் மாஸ்டர், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்புறம் கம்பெனியில வாரத்துக்கு நாலு நாள் தான் வேலைன்னு ஆகிப்போச்சு. நான் சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், அது பெட்ரோலுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியா போகுது. இதுல டாக்கா போய் ஃபீல்ட் ஒர்க் பண்றதுங்கறது கனவு மாதிரி இருக்கு. கம்பேரட்டிவ் எகனாமிக்ஸ்க்குன்னு தனியா ஸ்காலர்ஷிப் எதாவது இருக்குங்களா? ஓபிசி, வயசு 27. தெரிஞ்சவங்க சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல.


அடையாறு_ஆலமரம்:

தம்பி, திட்ட மாட்டேன், ஆனா முதல்ல ஒரு விஷயத்த தெளிவா பிடிச்சுக்கோங்க. ‘கம்பேரட்டிவ் எகனாமிக்ஸ்’னு போர்டு மாட்டி யாரும் காசு குடுக்கறதில்ல. அந்த பேரு சோவியத் திட்டப் பொருளாதாரத்தையும் சந்தைப் பொருளாதாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்த காலத்துல பெருசா இருந்துச்சு, ஹங்கேரி பொருளாதார அறிஞர் கோர்னாய் மாதிரி ஆளுங்க சோசலிச நாடுகள்ல பற்றாக்குறை ஏன் வருதுன்னு எழுதின காலம் அது. 1991க்கு அப்புறம் ஒப்பிட ஒரு பக்கமே இல்லாம போச்சு, அதனால அந்த ஆராய்ச்சி எல்லாம் வளர்ச்சிப் பொருளாதாரம், தொழிலாளர், நிறுவனங்கள், வர்த்தகம்னு பிரிஞ்சு போய் ஒட்டிக்கிச்சு. பொருளாதார ஆய்வுகள வகைப்படுத்தற ஜேஇஎல் கோடுல இதுக்கு ‘பி’ (P)ங்கற எழுத்து இன்னும் இருக்கு, ஆனா உங்க ப்ரொபோசல் போய் விழ வேண்டியது லேபர், டிரேட் பக்கம். கமிட்டியில உக்காந்திருக்கறவங்க கண்ணுக்கு ரெண்டு நாடுன்னாலே ‘இது முடியுமா’ன்னு தான் முதல்ல தோணும்.

அதனால காச ரெண்டு பையா பிரிச்சு யோசிங்க. ஒண்ணு நீங்க சாப்பிட, ஹாஸ்டல் கட்ட, வீட்டுக்கு குடுக்க. இன்னொண்ணு ரெண்டாவது நாட்டுக்கு போய் வர. ரெண்டையும் சேர்த்து ஒரே ஃபெல்லோஷிப் குடுக்கும்னு காத்திருந்தா வயசு தான் ஏறும்.

முதல் பைக்கு ஜேஆர்எஃப் மாதிரி எதுவும் இல்ல. 2023 ஜனவரியில இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) ஆனா 42,000, மொத்தம் அஞ்சு வருஷம். ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) தனி. நம்ம சப்ஜெக்ட்டுக்கு கன்டின்ஜென்சி (ஆய்வுக்கான சில்லறைச் செலவு) முதல் ரெண்டு வருஷம் வருஷத்துக்கு 10,000, அப்புறம் 20,500. உங்களுக்கு ஓபிசின்னா வயசு வரம்பு 35, இன்னும் நிறைய அட்டெம்ப்ட் இருக்கு, ஒரு தடவ போச்சுன்னு விட்றாதீங்க. ஏற்கனவே பிஎச்.டி சேர்ந்துட்டா ஜேஆர்எஃப் வாங்க முடியாதுன்னு ஒரு வதந்தி சுத்திகிட்டு இருக்கு, அது தப்பு. நடுவுல பாஸ் பண்ணாலும் சேர்ந்துக்கலாம், ஆனா பழைய மாசத்துக்கு அரியர்ஸ் வராது.

ரெண்டாவது ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) டாக்டரல் ஃபெல்லோஷிப். மாசம் 20,000, கன்டின்ஜென்சி வருஷத்துக்கு 20,000, ரெண்டு வருஷம். ஜேஆர்எஃப் கூட ஒப்பிட்டா சின்னது தான், ஆனா இங்க மார்க் இல்ல, ப்ரொபோசல் தான் பேசும். உங்க டாபிக்குக்கு இது பொருந்தும். நானே ஒரு ஐசிஎஸ்எஸ்ஆர் இன்ஸ்டிட்யூட்ல இருந்தவன், அங்க ப்ரொபோசல் படிக்கறவங்களுக்கு ‘உலகமயமாக்கலின் தாக்கம்: ஓர் ஆய்வு’ன்னு தலைப்ப பாத்தாலே கொட்டாவி வந்துரும். நீங்க இங்க எழுதின முதல் பத்தியவே கொஞ்சம் சீர் பண்ணி அனுப்பினா போதும்.


கடன்காரி:

ஆலமரம் சார் சொன்னது கரெக்ட், ஆனா ஜேஆர்எஃப் கிடைச்சுட்டா மாசா மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் மாதிரி விழும்னு நெனச்சுடாதீங்க ப்ரோ 😅 எனக்கு கிடைச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. எப்படி நடக்குதுன்னா, நீங்க மாசக் கடைசியில அட்டென்டென்ஸ் கையெழுத்து வாங்கி டிபார்ட்மென்ட்ல குடுக்கணும், அங்கேருந்து ஆபிஸ் போகும், ஆபிஸ்ல ‘மேக்கர்’னு ஒருத்தர் போர்ட்டல்ல ஏத்தணும், ‘செக்கர்’னு இன்னொருத்தர் அத ஓகே பண்ணணும், அப்ப தான் மேல போகும். எங்க ஆபிஸ்ல மேக்கர் மெடிக்கல் லீவ்ல போனாரு, பாஸ்வேர்டு அவர் கிட்ட மட்டும் தான் இருந்துச்சு, எட்டு பேருக்கு மூணு மாசம் பணம் வரல. நான் ஹாஸ்டல் மெஸ் பில் கட்ட அம்மா தோட்ட அடகு வச்சேன், அதான் இந்த பேரு. அப்புறம் மொத்தமா வந்துச்சு, தோடும் திரும்பி வந்துச்சு, ஆனா அந்த மூணு மாசம் ஒரு வரி கூட எழுதல நான்.

அதனால ஜாயின் பண்ணின அன்னைக்கே அந்த செக்ஷன்ல யாரு மேக்கர் யாரு செக்கர்னு பேரு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, பொங்கலுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாலும் தப்பில்ல. மூணு மாச செலவுக்கு கையில ஒரு தொகை எப்பவும் வச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் முடியறப்ப எஸ்ஆர்எஃப் அப்கிரேடுக்கு மூணு பேர் கமிட்டி உக்காரணும், அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கைடு பின்னாடி சுத்த ஆரம்பிங்க. லேட்டா உக்காந்தா நஷ்டம் உங்களுக்கு தான்.

எக்ஸாம் பத்தி ஒண்ணு. எகனாமிக்ஸ் பசங்க எல்லாம் பேப்பர் 2வ தலைகீழா படிச்சுட்டு பேப்பர் 1ல கோட்ட விடுறாங்க. ரெண்டையும் கூட்டி தான் ரேங்க், பேப்பர் 1ல 50 கேள்வி, 100 மார்க். டீச்சிங் ஆப்டிட்யூட், டேட்டா இன்டர்பிரடேஷன், லாஜிக் இதெல்லாம் ஒரு மாசம் உக்காந்தா ஏத்திரலாம். நான் முதல் தடவ கோட்ட விட்டது பேப்பர் 1ல தான், ரெண்டாவது தடவ புடிச்சதும் பேப்பர் 1ல தான்.

இன்னொண்ணு, நீங்க ஓபிசின்னு சொன்னீங்க. நேஷனல் ஃபெல்லோஷிப் ஃபார் ஓபிசி இருக்கு, நெட் எழுதி ஜேஆர்எஃப் கிடைக்காதவங்களுக்கு தான் அது, நான்-கிரீமி லேயர் (வசதி வரம்புக்கு மேல இல்லைங்கற) சர்டிபிகேட் வேணும். தொகை ஜேஆர்எஃப் மாதிரியே. உங்க நிலைமைக்கு இத முதல்ல பாருங்க. சென்ட்ரல் ஃபார்மட்ல எடுத்த ஓபிசி சர்டிபிகேட் வேணும், நம்ம ஸ்டேட் பிசி எம்பிசி சர்டிபிகேட் ஒத்துக்க மாட்டாங்க. இதுல மாட்டிகிட்டவங்க எங்க டிபார்ட்மென்ட்லயே ரெண்டு பேர்.

இத படிக்கற பொண்ணுங்களுக்கு: வீட்டுக்கு ஒத்த பொண்ணா இருந்தா சாவித்ரிபாய் புலே பேர்ல யுஜிசி ஃபெல்லோஷிப் இருக்கு, அதுக்கு நெட்டே வேண்டாம். நான் கேள்விப்பட்டப்ப லேட் ஆயிருச்சு, மேலும் எனக்கு ஒரு தடித்தம்பி இருக்கான்.


நூல்கண்டு_98:

அய்யோ ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். சென்ட்ரல் சர்டிபிகேட் எங்கிட்ட இல்லைங்க, நாளைக்கே இ-சேவைக்கு போறேன். ஒரு டவுட், ஃபீல்ட் ஒர்க்குக்கு டாக்கா போக ஐசிஎஸ்எஸ்ஆர்ல எதாவது உண்டுங்களா சார்? சீனியர் ஒருத்தரு சொல்றாரு, பேசாம வெளிநாட்டுக்கே போயி பிஎச்.டி பண்ணு, அங்க எல்லாம் சம்பளம் மாதிரி குடுப்பாங்கன்னு. அதுவும் உண்மைங்களா?


ஹாலே_குளிர்:

ப்ரோ நான் ஜெர்மனியில நாலாவது வருஷம், சொந்த ஊர் திருச்சி பக்கம். சம்பளம் மாதிரி இல்ல, சம்பளமே தான். இங்க பாதி பேரு ‘ஸ்டூடன்ட்’ இல்ல, எம்ப்ளாயி. ஈ13னு ஒரு பே ஸ்கேல், அதுல 65% போஸ்ட், 50% போஸ்ட்னு விளம்பரம் வரும், பென்ஷன் இன்சூரன்ஸ் எல்லாம் புடிச்சுக்குவாங்க, புடிச்சது போக தனியா ஒரு ரூம் எடுத்து சமைச்சு சாப்பிட்டு வீட்டுக்கும் அனுப்பலாம். பப்ளிக் யூனிவர்சிட்டியில பிஎச்.டிக்கு பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் காண்ட்ரிபியூஷன்னு ஒண்ணு கட்டணும், அதுல டிராம் பாஸ் வந்துரும்.

உங்க டாபிக் மாதிரி ஒப்பீட்டு வேலைக்கு இங்க இடம் இருக்கு, காரணம் பழைய கிழக்கு ஜெர்மனி. ரெண்டு சிஸ்டம் ஒரே நாட்டுக்குள்ள இருந்துச்சு, அதனால அந்த பாரம்பரியம் இன்னும் விடல. ஹாலேல ஐஏஎம்ஓ, ஐடபிள்யூஹெச், ரீகன்ஸ்பர்க்ல ஐஓஎஸ்னு இருக்கற ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் அந்த லைன். ஆனா அவங்க கண்ணு கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியா, சீனா பக்கம் தான் அதிகம். தெற்காசியான்னா கோட்டிங்கன் யூனிவர்சிட்டி பாருங்க. பிராக்ல செர்கே-ஈஐங்கற எகனாமிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1991ல கம்யூனிசம் போன கையோட ஆரம்பிச்சது, இங்கிலீஷ்ல தான் நடத்துறாங்க, பிஎச்.டிக்கு ஃபீஸ் இல்ல, ஸ்டைபெண்டும் உண்டு. ஆனா அங்க மேத்ஸ் பின்னி எடுத்துருவாங்க. நம்ம எம்.ஏல ரியல் அனாலிசிஸ் தொடாம போனா முதல் வருஷத்துலயே ஜெனரல் எக்ஸாம்ல தூக்கிருவாங்க. எனக்கு தெரிஞ்சு ரெண்டு பேரு அழுதுகிட்டே மாஸ்டர்ஸ் டிகிரியோட வெளிய வந்தாங்க.

ஒரே ஒரு சிக்கல், இங்க போஸ்ட்ங்கறது புரொபசரோட ப்ராஜெக்ட்டுக்கு உள்ள தான். நீங்க திருப்பூர்னு போவீங்க, அவரு உஸ்பெகிஸ்தான் பருத்திம்பாரு. நானும் தஞ்சாவூர் நெல்லுன்னு வந்தவன், இப்ப கசாக்ஸ்தான் கோதுமை பண்ணிட்டு இருக்கேன், சிரிக்காதீங்க. அதனால உங்க டாபிக் மேல உயிரா இருந்தா நம்ம ஊர்லயே பிஎச்.டிய வச்சுகிட்டு குட்டி குட்டியா வெளிய வந்து போங்க. யுஎன்யு-வைடர்னு ஐ.நா. பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிறுவனம் ஹெல்சின்கியில இருக்கு, வளரும் நாட்டு பிஎச்.டி மாணவங்கள மூணு மாசம் கூப்பிட்டு வச்சுக்குவாங்க, பயணச்செலவும் ஸ்டைபெண்டும் குடுத்து. அங்க நீங்க என்ன எழுதுறீங்களோ அதயே எழுதலாம், ஒரு பேப்பர் முடிச்சுட்டு வரணும், அவ்ளோ தான். அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு டாக்டரல் ரிசர்ச் கூட அப்படித்தான், ஆறுல இருந்து ஒம்போது மாசம், ஆனா இந்தியாவுல பிஎச்.டி ரெஜிஸ்டர் பண்ணி ஒரு வருஷமாவது ஆயிருக்கணும். உங்களுக்கு அது ஆயிருச்சு போல.


அடையாறு_ஆலமரம்:

டாக்காவுக்கு கேட்டீங்க இல்ல தம்பி. ஐசிஎஸ்எஸ்ஆர்ல வெளிநாட்டுல தரவு சேகரிக்கன்னு ஒரு நிதி உதவி இருக்கு, இன்டர்நேஷனல் கொலாபரேஷன் பக்கத்துல போடுவாங்க. யாரு தகுதிங்கறத அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துட்டு போடுங்க. அதுக்கு அந்த நாட்டு நிறுவனத்துல இருந்து ஒரு அழைப்புக் கடிதம் வேணும், டாக்காவுல பிஐடிஎஸ் (பங்களாதேஷ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம்) இருக்கு, உங்க வேலைக்கு நேரா சம்பந்தப்பட்ட இடம், இப்பவே மெயில் எழுதுங்க. இங்க்லீஷ் மெயில்ல நாலு வரி போதும், பயோடேட்டா பத்து பக்கம் வேண்டாம்.

ஆனா 2024 ஆகஸ்ட்ல அங்க ஆட்சி மாறினதுல இருந்து விசா விஷயம் ஏறி இறங்கிகிட்டே இருக்கு. அதனால தீசிஸ்ல ஃபீல்ட் ஒர்க்க ஒரே ஒரு சாப்டர்ல மட்டும் வைங்க. மத்ததெல்லாம் உக்காந்த இடத்துலயே கிடைக்கற டேட்டாவுல நிக்கணும். உலக வங்கி என்டர்பிரைஸ் சர்வே ரெண்டு நாட்டுக்கும் இருக்கு, 2022 ரவுண்டு ரெண்டுலயும் உண்டு, பேர பதிஞ்சா ஃப்ரீ. ஏற்றுமதிக்கு ஐ.நா.வோட காம்ட்ரேட் டேட்டா. நம்ம பக்கம் பிஎல்எஃப்எஸ் (தொழிலாளர் சர்வே), ஏஎஸ்ஐ (தொழிற்சாலை சர்வே) யூனிட் லெவல் டேட்டாவும் இறக்கிக்கலாம். காசு குடுத்து டேட்டாபேஸ் வாங்கணும்னு ப்ரொபோசல்ல எழுதினா பட்ஜெட்ட பாத்தே தூக்கி ஓரமா வச்சுருவாங்க.


வடக்கு_வாசல்:

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எஸ்சி, எஸ்டி மாணவங்க யாராவது இத படிச்சா: ஆதிதிராவிடர் நலத்துறையில ஃபுல்டைம் பிஎச்.டிக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை இருக்கு, கிறிஸ்தவத்துக்கு மாறின ஆதிதிராவிடருக்கும் உண்டு. எங்க காலேஜ்ல நோட்டீஸ் போர்டுல கூட ஒட்டல, பக்கத்து காலேஜ் பையன் சொல்லி தான் தெரிஞ்சுது. வெளிநாடு போகணும்னா அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துல வருஷத்துக்கு 36 லட்சம் வரைக்கும் குடுக்குறாங்க, பிஎச்.டிக்கும் சேர்த்து.

எஸ்சி மாணவங்க வெளிநாட்டுல படிக்க மத்திய அரசு குடுக்கற நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் பத்தி ஒரு எச்சரிக்கை, இது ஒப்பீட்டு டாபிக் காரங்களுக்கு ரொம்ப முக்கியம். 2022ல விதிய மாத்தி, இந்தியாவோட பண்பாடு, வரலாறு, இந்தியா சம்பந்தப்பட்ட சமூக ஆய்வு டாபிக்குக்கு எல்லாம் குடுக்க முடியாதுன்னு போட்டாங்க. அதாவது வெளிநாட்டுல உக்காந்து இந்தியாவ ஆராய காசு கிடையாது. அப்ப இந்தியாவையும் பங்களாதேஷையும் ஒப்பிட்டா அது எந்தப் பக்கம் சேரும்? நான் எழுதிக் கேட்டேன், நேரா பதில் வரல. நான் இந்தியாங்கற வார்த்தைய தலைப்புல இருந்து எடுத்துட்டு ‘தெற்காசிய’ன்னு போட்டேன், அப்பவும் எடுபடல, காரணமும் சொல்லல. சாதிய விட்டுட்டு கூலிச் சந்தைய எப்படி ஒப்பிடுறதுன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. என்னளவுல அந்த விதி அநியாயம்.


கொழும்பு_மழை:

தம்பி, பங்களாதேஷ் விசா கரைச்சல் எண்டால் இலங்கையில எங்கட கட்டுநாயக்காவையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. 1978ல துவங்கின ஏற்றுமதி வலயம், ஆடைத் தொழிற்சாலையள்ள வேலை செய்யிறதில முக்கால்வாசி பெண் பிள்ளையள், போர்டிங்ல நிண்டு வேலைக்குப் போறவை. மலையகத்தில இருந்து வந்த தமிழ்ப் பிள்ளையளும் இருக்கினம், அவையோட நீங்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே கதைக்கலாம். சென்னையில இருந்து பிளைட் டிக்கெட்டும் மலிவு. 2022 நெருக்கடிக்குப் பிறகு சாப்பாட்டு விலையும் கூலியும் எப்பிடி விலகிப் போனது எண்டு பாக்கவே ஒரு சாப்டர் வரும்.


நூல்கண்டு_98:

அக்கா (அண்ணாவா இருந்தா மன்னிச்சுக்கோங்க), கட்டுநாயக்கா நான் யோசிக்கவே இல்லைங்க. ஆனா அங்க பிராண்டுக்கு உள்ளாடை, ஸ்போர்ட்ஸ்வேர்னு மேல் ரகமா பண்றாங்களாமே, நம்ம ஊர் கூட நேருக்கு நேர் வச்சுப் பாக்க நாராயண்கஞ்ச் தான் பொருந்தும்னு தோணுது. கைடு கிட்ட கேக்கறேன். வடக்கு வாசல் அண்ணா, உங்களது படிச்சு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க.

ஆலமரம் சார், கடைசியா ஒண்ணு. ப்ரொபோசல்ல என் தனிச்சிறப்பு என்னன்னு எழுதறதுங்க? எனக்கு பப்ளிகேஷன் ஒண்ணு கூட இல்லைங்க, அப்பா கம்பெனி தெரியும், கூலி எப்படி பேசுவாங்கன்னு தெரியும், அவ்வளவு தான். அப்பா அந்தக் காலத்துல இருந்தே பீஸ் ரேட்ட நோட்டுல எழுதி வைப்பாரு, எந்த ஸ்டைலுக்கு கட்டிங் எவ்வளவு, ஓவர்லாக் எவ்வளவு, செக்கிங் எவ்வளவு, எந்த வாரம் எத்தன டஜன்னு.


அடையாறு_ஆலமரம்:

எப்ப இருந்துன்னு கேளுங்க. ஒவ்வொரு நாடும் இவ்வளவு துணி தான் ஏற்றுமதி பண்ணலாம்னு இருந்த கோட்டா முறை 2005 ஜனவரியில ஒழிஞ்சுது, அதுக்கு முன்னாடி இருந்து இருந்தா நீங்க ப்ரொபோசல்ல வேற எதுவும் எழுத வேண்டாம். இந்த நோட்டு அரசாங்க சர்வே எதுலயும் கிடைக்காது, அதுல ஒரு கம்பெனிக்கு உள்ள ரேட் வாரா வாரம் எப்படி மாறுச்சுன்னு இருக்கும். முதல் வேலையா ஒவ்வொரு பக்கத்தையும் போன்லயாவது போட்டோ எடுத்து ரெண்டு இடத்துல சேமிங்க. கம்பெனி பேரு, ஆள் பேரு வெளிய தெரியாம மறைச்சுட்டு, ஒரே ஒரு பக்கத்த மட்டும் ப்ரொபோசல்ல இணைப்பா வைங்க.


கடன்காரி:

யோவ் இத முதல் போஸ்ட்லயே சொல்லிருக்கலாம்ல ப்ரோ 😭


நூல்கண்டு_98:

சார், நேத்து ராத்திரி பரண்ல ஏறி பாத்தோமுங்க. மொத்தம் அஞ்சு நோட்டு. பழசு 2001ல ஆரம்பிக்குது, அட்டையில மகாலட்சுமி படம் போட்ட நோட்டு. 2003ல ஒரு பாதிய எலி தின்னுருச்சு. 2011 நோட்டுல பிப்ரவரியில இருந்து பக்கம் பக்கமா ‘சாயம் இல்ல, லீவு’ன்னு மட்டும் தான் எழுதியிருக்காரு. அப்பா பக்கத்துல உக்காந்து பென்சில்ல போட்ட சுருக்கெழுத்தெல்லாம் என்னன்னு சொல்லிகிட்டே வந்தாரு, நான் போட்டோ எடுத்துகிட்டே வந்தேன், 212 பக்கம் முடிஞ்சுது. மிச்சத்த ஞாயித்துக்கிழமை எடுக்கறோமுங்க. ஓபிசி சர்டிபிகேட்டுக்கும் அப்ளை பண்ணிட்டேன், விஏஓ லீவாம், திங்கக்கிழமை வரச் சொன்னாங்க.